புகழும் வரிப் பாக்கியும்

ஊரறிந்த ஒருவருக்கு வருமான வரி பாக்கி நிற்கிறது என்று பத்திரிகையில் செய்தி வந்தால், நாம் இரண்டில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறோம். “பேராசைக்காரர்; பணத்தை ஒளித்துவைத்தார்” என்பது ஒன்று. “பாவம், அரசாங்கம் அவரைக் கசக்கிப் பிழிகிறது” என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பொருந்தாத பாக்கிகள் பல உண்டு. அவை எப்படி உண்டாகின்றன என்பதை அமெரிக்க நாட்டுக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயியின் வரலாற்றைக் கொண்டு விளக்க முற்படுவோம்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். வரி ஏய்ப்பு வேறு, வரிப் பாக்கி வேறு. வருமானத்தையே மறைப்பது ஏய்ப்பு, அது குற்றம். சிக்காகோ நகரின் அல் கபோன் 1931ஆம் ஆண்டில் சிறைத்தண்டனை பெற்றது அதற்காகத்தான். வருமானம் வெளிப்படையாகத் தெரிந்திருந்தும், வரி கட்டும் நாளில் கையில் பணம் இல்லாதிருப்பது பாக்கி. ஜோ லூயியின் தொல்லை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

அவர் 1914ஆம் ஆண்டில் அலபாமா மாநிலத்தில், வாரத்துக்குப் பயிரிடும் கறுப்பினக் குடியானவர் வீட்டில் பிறந்தார். 1926இல் அக்குடும்பம் பிழைப்புத் தேடி வடக்கே டிட்ராயிட் நகருக்குக் குடிபெயர்ந்தது. சொந்த மண்ணை விட்டுத் தொழில் நகரங்களில் வந்து குடியேறிய நம் நேயர்களுக்கு அந்தப் பயணத்தின் தன்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பொருளாதார மந்த காலத்தில் அக்குடும்பம் நகராட்சியின் உதவித் தொகையைப் பெற்று உயிர் வாழ்ந்தது. சண்டையில் பணம் வரத் தொடங்கியதும் ஜோ லூயி அத்தொகையைத் திருப்பிச் செலுத்தினார். கடனை மதியாதவர் அல்லர் அவர் என்பதற்கு இதுவே சான்று.

1937 முதல் 1949 வரை உலகக் கனரகப் பட்டம் அவரிடமே இருந்தது. சண்டைகளின் வாயிலாக அவர் பெயரில் ஈட்டப்பட்ட தொகை 46 லட்சம் டாலருக்கு மேல் என்றும், அவர் கைக்கு வந்தது ஏறக்குறைய 8 லட்சமே என்றும் கணக்குச் சொல்வர். எஞ்சியது நிர்வாகிகளுக்கும் பிறருக்கும் போயிற்று. வந்த பணத்திலோ உறவினருக்கு வீடு, கார், படிப்புச் செலவு என்று வாரி வழங்கினார். தொடங்கிய வியாபாரங்கள் நொடித்தன.

1942இல் அமெரிக்கா போரில் ஈடுபட்டிருந்தபோது, கடற்படையினரின் குடும்ப நிதிக்காக ஜனவரியிலும் தரைப்படையின் நிதிக்காக மார்ச்சிலும் அவர் இரு முறை பட்டத்தைப் பணயம் வைத்துச் சண்டையிட்டார். தம் பங்குப் பணத்தை அப்படியே அந்நிதிகளுக்கு அளித்தார்; அவ்வாண்டிலேயே தாமும் படையில் சேர்ந்தார். ஆயினும் வரி அலுவலகம் அத்தொகையையும் அவருடைய வருமானமாகவே கொண்டது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியோர். அவருக்கு அளந்து சொல்ல அருகில் ஆள் இல்லை.

பழைய கணக்குகளை எல்லாம் தணிக்கை செய்து, வட்டியும் அபராதமும் சேர்த்து 5 லட்சம் டாலருக்கு மேல் பாக்கி என்று 1950இல் அறிவித்தார்கள். ஓய்வு பெற்றிருந்த அவர், கடனை அடைப்பதற்காக மீண்டும் சண்டை மேடை ஏறினார். 1950 செப்டம்பரில் எஸ்ஸார்ட் சார்லஸிடம் தோற்றார். 1951 அக்டோபரில், 37ஆம் வயதில், ராக்கி மார்சியானோவின் அடியில் விழுந்தார்.

அந்தப் பணமும் பயன்படவில்லை. அதன் காரணம் அறியத்தக்கது. அக்காலத்தில் அமெரிக்க வருமான வரியின் உச்ச விகிதம் 90 விழுக்காட்டுக்கும் மேல். (நம் நாட்டிலும் 1973-74இல் மிகை வரி உட்பட அது 97.75 விழுக்காடு வரை சென்று, பிற்காலத்தில் பெரிதும் குறைந்தது.) ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 லட்சம் கடனுக்கு நூற்றுக்கு 6 வட்டி என்று கொண்டால், ஆண்டு வட்டி மட்டும் 30,000. உச்சப் படியில் விழும் பணத்தில் பத்தில் ஒரு பங்கே கையில் நிற்குமாயின், அந்த வட்டிக்காகவே 3 லட்சம் ஈட்ட வேண்டும். அசல் அப்படியே நிற்கும். இளைத்த உடம்பு எத்தனை அடி வாங்கினாலும் இந்தக் கணக்கு நேராகாது.

1953இல் அவருடைய தாயார் மறைந்தபோது மகனுக்கென்று விட்டுச் சென்ற 667 டாலரும் வரிக்குப் பிடித்துக்கொள்ளப்பட்டது. பின்னர் அவர் மல்யுத்தக் காட்சிகளிலும் இறங்கினார். 1960களின் தொடக்கத்தில்தான், அவருடைய அன்றைய வருமானத்துக்கு ஏற்ற அளவே வசூலிப்பது என்று வரி அலுவலகம் இசைந்தது.

சட்டம் தவறா? புகழுக்காக ஒருவருக்கு வரியைத் தள்ளுபடி செய்தால், அமெரிக்காவில் 1943 முதல் வாராவாரம் கூலியிலேயே வரி பிடிக்கப்பட்டுவந்த தொழிலாளிக்கு என்ன மறுமொழி கூறுவது? ஆகவே எல்லாருக்கும் ஒரே சட்டம் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் கொடுக்க இயலாத கடனை வட்டியால் வளர்த்துக்கொண்டே போவதால் அரசுக்கும் ஊதியமில்லை. இறுதியில் எட்டிய இசைவு பத்தாண்டு முன்னரே எட்டியிருக்கலாம் என்பதே நம் கருத்து.

நமக்குரிய பாடம் வேறொன்று. மாதச் சம்பளக்காரருக்கு வரி முன்னதாகவே பிடிக்கப்படுகிறது. அவர் பார்ப்பது தமக்குரிய பணத்தை மட்டும். நடிகர், பாடகர், விளையாட்டு வீரர் ஆகியோர் பெரும்பாலும் மொத்தத் தொகையைக் காண்கிறார்கள். அதில் அரசின் பங்கும் கலந்திருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. பம்பாயில் மெஸ் நடத்துபவருக்கும், தில்லியில் கச்சேரி செய்பவருக்கும், காண்டிராக்ட் வேலை எடுப்பவருக்கும் இதே நிலைதான். வருமான வரி மத்திய அரசுக்குரியது; மாநிலம் மாறினாலும் கடமை மாறாது. ஆண்டு வரி 10,000 ரூபாயை எட்டுமாயின், பொதுவாக ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களில் 15ஆம் தேதிக்குள் தவணைகளாக முன்கூட்டியே செலுத்த வேண்டும். தவறினால் வட்டி ஏறும். பணம் வந்த அன்றே வரிக்கென்று ஒரு பங்கை வேறு கணக்கில் ஒதுக்கிவிடுவது நலம். தான தருமமும் உறவினருக்குச் செய்யும் உதவியும் அதன் பிறகே.

ஜோ லூயி 1981 ஏப்ரலில் காலமானார். ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் இராணுவ மரியாதையுடன் அவரை அடக்கம் செய்தார்கள். அதற்கென ஜனாதிபதி ரீகன் விதியைத் தளர்த்தினார். முன்னொரு நாள் மேடையில் அவரை எதிர்த்து நின்ற ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங் ஈமச் செலவில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டார்.