தெருக்குழாயில் தண்ணீர் திரும்பி ஓடினால்

தெருவில் தண்ணீர் திறந்துவிட்ட முதல் பத்து நிமிடம் வாசலில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். வீட்டுக்கு வீடு மோட்டார் சத்தம். சில மோட்டார்கள் சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்றுபவை. அவற்றால் தெருவுக்குத் தொந்தரவில்லை. மற்றவை குடிநீர் இணைப்பின் வாயிலேயே நேராகப் பொருத்தப்பட்டவை. அடுத்த வீட்டுக்காரர் போட்டால் நமக்கு வராது, நாம் போட்டால் அவருக்கு வராது என்ற சண்டை எல்லாத் தெருவிலும் உண்டு. ஆனால் அந்த மோட்டார் தண்ணீரை மட்டும் இழுப்பதில்லை என்பதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை.

குழாய்க்குள் நல்ல அழுத்தம் இருக்கும்வரை, விரிசலிருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். வெளியில் இருப்பது உள்ளே நுழையாது. அழுத்தம் இறங்கிப்போனால் நிலைமை தலைகீழ். கீறல் விட்ட ஸ்ட்ராவில் இளநீர் குடித்துப் பாருங்கள், இளநீரைவிடக் காற்றுதான் அதிகம் வரும். தெருக்குழாயின் கீறல் வழியே வருவது காற்றல்ல. பக்கத்தில் ஓடும் சாக்கடையின் ஊற்று, கழிவுநீர்த் தொட்டியின் கசிவு, மழைநீர் தேங்கிய குழியின் சேறு. நம் ஊர்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் எவ்வளவு நெருக்கமாகப் போகின்றன என்பதைத் தெரு தோண்டும் நாளில் எட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இது ஒரு வழி. இன்னொரு வழி வீட்டுக்குள்ளிருந்தே தொடங்குகிறது. தெருக்குழாய் காலியாகும்போது, அதோடு இணைந்திருக்கும் தொட்டி, வாளி, ஹோஸ் எதில் என்ன இருந்தாலும் அது தெருவை நோக்கிப் பின்வாங்கலாம். அல்லது வீட்டிலோ ஆலையிலோ ஓடும் பம்பின் அழுத்தம் தெருக்குழாயின் அழுத்தத்தை மிஞ்சினால், அங்கிருக்கும் தண்ணீர் தெருவுக்குத் தள்ளப்படும். ஒன்றில் தெரு உறிஞ்சுகிறது, மற்றொன்றில் வீடு தள்ளுகிறது. இரண்டிலும் பலியாவது அந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் மற்றவர்கள்.

1969 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் நகரத்தின் ஹோலி கிராஸ் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி அந்த ஆண்டுப் போட்டிகளுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது. மைதானத்து ஓரக் குழாயில்தான் எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள். அதே குழாய் வரிசையில், புல்லுக்கு நீர் தெளிப்பதற்காகத் தரைமட்டத்துக்குக் கீழே சிறு குழிகளில் வால்வுகள் இருந்தன. பக்கத்தில் குடியிருந்த குழந்தைகள் அந்தக் குழிகளில் தேங்கிய நீரில் விளையாடுவார்கள். அவர்களில் சிலருக்கு மஞ்சள் காமாலை. இதுவரைக்கும் கூட வீரர்கள் யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது. ஆனால் ஒரு நாள் நகரத்தின் வேறொரு பகுதியில் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டிகள் குழாயிலிருந்து தண்ணீரை வாரி எடுக்க, மேடான இடத்திலிருந்த மைதானத்தில் அழுத்தம் விழுந்தது. குழியில் தேங்கியிருந்த நீர் குடிநீர்க் குழாய்க்குள் ஏறிவிட்டது. சில வாரங்களில் வீரர்களும் பயிற்சியாளர்களுமாக 97 பேரில் 90 பேருக்குத் தொற்று. இரண்டு ஆட்டங்களோடு அந்த ஆண்டுப் பருவமே ரத்தானது.

எங்கேயோ எரிந்த நெருப்புக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிக்க நோய்ப்பரவல் ஆய்வாளர்கள் படாத பாடு பட்டார்கள். அங்கே அழுத்தம் விழ ஒரு தீவிபத்து தேவைப்பட்டது. நம் ஊரில் அது அன்றாட ஏற்பாடு. ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு மணி நேரம் தண்ணீர் வரும் தெருவில், மீதி நேரமெல்லாம் குழாய் காலியாகத்தான் கிடக்கிறது.

‘நடுவில் வால்வு இருக்கிறதே’ என்பார்கள் பிளம்பர்கள். பின்லாந்தில் நோக்கியா என்ற நகரம், செல்போன் கம்பெனிக்குப் பெயர் கொடுத்த அதே ஊர். அங்கே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், சுத்திகரித்த கழிவுநீர் போகும் குழாய்க்கும் குடிநீர்க் குழாய்க்கும் நடுவே ஒரு வால்வு இருந்தது. விதிப்படி அந்த இணைப்பே இருந்திருக்கக் கூடாது. 2007 நவம்பர் 28-ஆம் தேதி பராமரிப்பு வேலையின்போது அந்த வால்வு திறக்கப்பட்டது. ஏறத்தாழ 450 கன மீட்டர் கழிவுநீர் குடிநீரில் கலந்தது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று நோய்வாய்ப்பட்டவர்கள் 8,000 பேருக்கு மேல். உலகின் மிகத் தூய்மையான குடிநீர் கிடைக்கும் நாடுகளில் ஒன்றில் நடந்தது இது. வால்வு என்பது யாரோ ஒருவர் திறக்கும்வரைதான் தடுப்பு.

‘குளோரின் போடுகிறார்களே’ என்பது அடுத்த ஆறுதல். 1955 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும் டெல்லியில் 29,000-க்கும் அதிகமானோருக்கு மஞ்சள் காமாலை கண்டது. யமுனையில் வெள்ளம் வந்தபின் ஆறு போக்கை மாற்றிக்கொள்ள, நஜஃப்கர் சாக்கடை நீர் எதிர்த்திசையில் ஏறி, குடிநீர் எடுக்கும் வஜிராபாத் நிலையத்தை எட்டிவிட்டது. அதிகாரிகள் குளோரினைக் கூட்டினார்கள். அதனால் டைபாய்டும் சீதபேதியும் பெருகவில்லை, ஆனால் காமாலை வைரஸ் தப்பித்துக்கொண்டது. இன்று அதை ஹெபடைடிஸ்-ஈ என்கிறோம். மற்றவர்களைப் பெரும்பாலும் படுக்கவைத்து விட்டுவிடும் இந்த நோய், கடைசி மூன்று மாதத்திலிருக்கும் கர்ப்பிணிகளில் 20 முதல் 25 சதவீதம் பேரின் உயிரைக்கூடப் பறிக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தெருவில் இருவருக்குக் காமாலை என்று கேள்விப்பட்டால், வீட்டில் கர்ப்பிணி இருப்பவர்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் தண்ணீரைக் கொதிக்கவைக்கத் தொடங்கிவிட வேண்டும். குமிழ் பொங்கக் கொதித்து ஒரு நிமிடமாவது அடுப்பில் இருக்க வேண்டும். சூடேறியதும் இறக்கினால் போதாது.

சரி, நம் வீட்டுப் பக்கம் என்ன செய்யலாம்? செலவே இல்லாத, அதே சமயம் எந்த வால்வையும்விட உறுதியான தடுப்பு ஒன்று இருக்கிறது. அது காற்று இடைவெளி. தண்ணீர் விழும் குழாயின் வாய்க்கும் தொட்டியில் நீர் அதிகபட்சம் ஏறக்கூடிய மட்டத்துக்கும் நடுவே வெறும் காற்று இருக்க வேண்டும். குழாயின் விட்டத்தைப்போல இரு மடங்கு, எப்படியும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல். குழாயின் வாய் நீரைத் தொடாதவரை, தெரு எவ்வளவு உறிஞ்சினாலும் தொட்டி நீர் ஏறாது. வால்வில் மணல் சிக்கலாம், துரு ஏறலாம், வாஷர் தேயலாம். காற்றில் எதுவும் சிக்காது.

சென்னை வீடுகளில் இந்த இடைவெளி இருப்பது அபூர்வம். காரணம் புரிகிறது. அழுத்தம் குறைவான தெருவில் தண்ணீர் தானாக இறங்க வேண்டும் என்பதற்காக, இணைப்பைத் தரைக்கு மூன்று நான்கு அடி கீழே சம்ப்புக்குள் கொண்டுவிடுகிறார்கள். சம்ப் நிறைந்தால் குழாயின் வாய் முழுக மூழ்கிக் கிடக்கும். போதாததற்கு, விழும் சத்தம் கேட்கக்கூடாதென்று ஒரு துண்டுப் பைப்பைச் சேர்த்து அடிவரைக்கும் இறக்கிவிடுபவர்கள் உண்டு. அந்தத் துண்டுப் பைப்பு வழியேதான் சம்ப் நீர் தெருவுக்குத் திரும்பும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலின்போதும் எத்தனை சம்ப்புகளில் சாக்கடை நீர் நிரம்பியது என்பதை நினைத்துக்கொண்டால், இது வெறும் பிளம்பிங் நுணுக்கம் அல்ல என்பது விளங்கும். துண்டுப் பைப்பை அறுத்து எடுங்கள். மிதவை வால்வைக் குழாய் வாய்க்குக் கீழேயே நீர் நின்றுவிடும்படி இறக்கி வையுங்கள். சம்ப்பின் கொள்ளளவு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இதே கண்ணோடு வீட்டைச் சுற்றி வந்தால் இன்னும் சில இடங்கள் தட்டுப்படும். குடிநீர்க் குழாயில் மாட்டிய ஹோஸின் மறுமுனை பினாயில் வாளிக்குள் முழுகியிருக்கும். போர் தண்ணீரும் கார்ப்பரேஷன் தண்ணீரும் ஒரே பைப்பில் சேர்ந்து, நடுவில் ஒரு கேட் வால்வு மட்டும் இருக்கும். போர் மோட்டாரைப் போட்டால், வால்வு சரியாக மூடாத அன்றைக்கு உப்புத் தண்ணீர் தெருவுக்கே போகும். இரண்டையும் தனித்தனிக் குழாயாக மேல்நிலைத் தொட்டிக்கு மேலிருந்து விழவிடுவதுதான் முறை. கிராமத்தில் இன்னும் பயங்கரமான ஒன்று. பஞ்சாயத்துக் குழாயில் ட்யூபைச் செருகி, மருந்து ஊற்றிய ஸ்பிரேயர் தொட்டிக்குள் முனையைப் போட்டுவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார்கள். அந்நேரம் கரண்ட் போய்த் தண்ணீர் நின்றால் மருந்து எங்கே போகும் என்று சொல்லவேண்டியதில்லை. குடத்தில் பிடித்து ஊற்றினால் இந்தப் பிரச்சினையே இல்லை.

குடிநீர் இணைப்பில் நேரடி மோட்டார் பொருத்துவதை உள்ளாட்சிகள் அனுமதிப்பதில்லை. மோட்டாரைப் பறிமுதல் செய்வோம், இணைப்பைத் துண்டிப்போம் என்று கோடை தோறும் அறிவிப்பு வருகிறது. சரியான நடவடிக்கைதான். ஆனால் தண்ணீர் கலங்கலாக வருகிறதென்று புகார் போனதும், ‘உங்க தெருவுல எல்லாரும் மோட்டார் போடுறீங்க’ என்று சொல்லி ஃபைலை மூடிவிடுவதை ஏற்க முடியாது. அழுத்தம் இருந்தால் எவரும் பத்தாயிரம் கொடுத்து மோட்டார் வாங்கப்போவதில்லை. பூரி நகரம் 2021 ஜூலையில் நாள் முழுவதும் குழாயிலிருந்தே நேராகக் குடிக்கக்கூடிய தண்ணீரைக் கொடுக்கத் தொடங்கியது. முடியாத காரியமல்ல. குழாய்க்கு உரிமையாளர் யாரோ, பழுதுக்கு முதல் பொறுப்பும் அவர்தான்.

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. மாசற்ற தண்ணீரைப் பெறுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று 1991-இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்கும் முன்பு, 1980-இல், மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகராட்சி திறந்த சாக்கடையைச் சரிசெய்யப் பணமில்லை என்று கைவிரித்தபோது, நிதியில்லை என்பது சாக்காகாது என்று நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதினார். ரத்லம் மக்கள் பயன்படுத்தியது பொதுத்தொல்லை அகற்றும் குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 133. இன்று அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்கலாம்.

அதற்கு முன் கையில் ஆதாரம் வேண்டும். ‘தண்ணி நாறுது’ என்ற புகார் எங்கேயும் நிற்பதில்லை. திறந்துவிட்ட எத்தனையாவது நிமிடம்வரை கலங்கல், எத்தனை வீடுகளில், எந்தத் தேதியிலிருந்து என்று குறித்துவையுங்கள். இந்திய தர நிர்ணயமான ஐ.எஸ். 10500-இன்படி, குடிநீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். 100 மில்லி லிட்டரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. குளோரினைச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் எளிய கருவியால் வீட்டிலேயே சோதிக்கலாம். தெருமுனை வீட்டில் மஞ்சள் நிறம் வந்து, பத்து வீடு தள்ளி நிறமே வரவில்லையென்றால், இடையில் எங்கோ கசடு நுழைகிறது என்று சந்தேகிக்கலாம். தோண்டவேண்டிய இடத்தை இப்படிக் குறுக்கிக் காட்டினால் பொறியாளரால் தட்டிக்கழிக்க முடியாது. கிருமிச் சோதனைக்கு மட்டும் சொந்த பாட்டில் உதவாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலோ, சென்னையென்றால் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலோ கிருமி நீக்கிய பாட்டிலை வாங்கி, அவர்கள் சொல்லும் முறையில் பிடித்து, ஐஸில் வைத்து அன்றே கொடுக்க வேண்டும்.

சென்னையில் குடிநீர் வாரியத்தின் 1916, மற்ற ஊர்களில் முதல்வரின் உதவி மைய எண் 1100. புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். பலனில்லையென்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். பலருக்குத் தெரியாத ஒன்று: அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு காகிதத்தை மட்டும் தருவதில்லை, நடக்கும் வேலையைப் பார்வையிடவும், பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. உங்கள் பகுதிக் குடிநீரின் மாதிரியைக் கேட்கலாம், கடைசி ஆய்வறிக்கையையும் கேட்கலாம். பதிலுக்குக் கெடு 30 நாள். உயிர் சம்பந்தப்பட்ட தகவலென்றால் 48 மணி நேரம்.

நஷ்டஈடு கேட்கும் அளவுக்குப் போனால், சிவில் வழக்குக்கு முன் மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தின் கதவைத் தட்டுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 22ஏ பிரிவில் குடிநீர் வழங்கல் பொதுப் பயன்பாட்டுச் சேவையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதனால் நிரந்தர மக்கள் நீதிமன்றம் இதை விசாரிக்கலாம். கோர்ட் கட்டணம் கிடையாது. எதிர்த்தரப்பு சமரசத்துக்கு வராவிட்டாலும் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அதற்கு உண்டு. முக்கிய நிபந்தனை, வேறு நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே இங்கே வந்துவிட வேண்டும். இலவச சட்ட உதவி எண் 15100.

தனி மனுவைவிடப் பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து கையெழுத்திட்ட மனு வேகமாக நகரும். அந்தப் பத்துப் பேரும் தங்கள் நேரடி மோட்டாரைக் கழற்றிவிட்டு, சம்ப்பின் துண்டுப் பைப்பை அறுத்துவிட்டு மனுவில் கையெழுத்திடட்டும். அதிகாரி சொல்வதற்கு ஒரு சாக்கு குறையும்.