லாரிக்கு எத்தனை கண்கள் வேண்டும்?

இரவு பத்து மணிக்கு மேல் பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலை வழியாக மலை ஏறி பாலிக் புலாவுக்கு மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறீர்களா? வந்திருந்தால் நான் சொல்வது உங்களுக்கு உடனே விளங்கும். ஒரு பக்கம் மலைச்சுவர், மறு பக்கம் பள்ளம். வளைவுக்குப் பின் வளைவு. பின்னால் மனைவி, நடுவில் தூங்கி விழும் பிள்ளை. அந்த நேரம் பார்த்து எதிர் வளைவில் ஒரு லாரி திரும்புகிறது. முன்னால் இரண்டு விளக்கு போதாதென்று கூரையின் மேல் நான்கு, பம்பரில் இரண்டு. எல்லாம் வெள்ளை வெளேர் என்று கண்ணில் அடிக்கிறது. சாலை மறைந்து விடுகிறது. கோடு தெரியவில்லை, பள்ளம் தெரியவில்லை. லாரி போன பிறகும் கண்ணுக்குள் ஊதா நிறப் பூக்கள்தான் மிதக்கின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. கண் தெளிய மூன்றே விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 50 மீட்டர் தூரம் நீங்கள் குருடராகத்தான் ஓட்டியிருக்கிறீர்கள். வயதானவர்களுக்குக் கண் தெளிய இன்னும் அதிக நேரமாகும்.

இதை எழுத என்னைத் தூண்டியவர் இப்படிக் கண் கூசியவர் அல்ல. கூச வைத்தவர்! எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு தம்பி இருக்கிறான். அப்பா ரப்பர் மரம் சீவிய காலம் போய், மகன் லாரி ஓட்டுகிறான். டுரியான் காலத்தில் டுரியான், மற்ற நாளில் கிடைத்த சரக்கு. ஜொகூர் பாரு தாண்டி சிங்கப்பூர் வரை போய் வருவான். போனஸ் பணத்தில் சொந்தமாக விளக்கு வாங்கி முதலாளியின் லாரியில் மாட்டினான். ஒரு நாள் மாலை, தேத்தண்ணி குடிக்க வந்தவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"மாமா, அடுத்த மாசம் சடாவ் பக்கம் போகச் சொல்றாங்க. அங்க இந்த லைட்டுக்குப் பிடிப்பாங்களா? பிடிச்சா அபராதம் யார் தலையில விழும்?"

"இங்கேயே பிடிக்க மாட்டார்கள் என்று உனக்கு யார் சொன்னது?" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. அவனுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு மகனோ மருமகனோ லாரி, வேன் ஓட்டிக்கொண்டுதான் இருப்பார்.

முதலில் நம் நாட்டுச் சட்டம். 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், அதற்கு முன்பே எழுதப்பட்டு இன்றும் வழக்கில் உள்ள 1959-ஆம் ஆண்டின் வாகன அமைப்பு, பயன்பாட்டு விதிகளும் ஒரு வண்டியில் என்னென்ன விளக்கு, எங்கே, எப்படி இருக்க வேண்டும் என்பதை வகுத்திருக்கின்றன. விதிக்கு ஒவ்வாத விளக்கைப் பொருத்தி ஓட்டினால் 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று ஜே.பி.ஜே. அதிகாரிகள் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். கடையில் விற்கிறதே, விற்பதை மாட்டினால் என்ன குற்றம் என்று சிலர் கேட்பார்கள். கடையில் பட்டாசுகூடத்தான் விற்கிறது!

ஆனால் எல்லா அதிக விளக்கும் குற்றம் என்று எண்ணி விடாதீர்கள். அகலமான லாரிகளுக்கு மேல் மூலைகளில் முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் சிவப்பு என்று சின்ன விளக்குகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை அலங்காரம் அல்ல. வண்டியின் உயரமும் அகலமும் எதிரே வருபவருக்குத் தெரிவதற்காக வைத்தவை. ஐ.நா. வாகன விதிகளின்படி 2.10 மீட்டருக்கு மேல் அகலமான வண்டிக்கு அவை கட்டாயம். பக்கவாட்டில் மஞ்சள் விளக்கு, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் ஆகியவையும் அப்படித்தான். கண்ணில் அடிக்கும் விளக்கு வேறு, தன்னைக் காட்டிக் கொள்ளும் விளக்கு வேறு. நம் பையன்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்கிறார்கள். கூரையில் எட்டு விளக்கு எரியும், பின்னால் ஒரு சிவப்பு பல்பு எரியாமல் கிடக்கும்!

சரி, எல்லை தாண்டினால்? இதற்கென்றே உலக நாடுகள் கூடி இரண்டு ஒப்பந்தங்கள் செய்திருக்கின்றன. ஒன்று 1949-இல் ஜெனீவாவில். மலாயா சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே, 1958-இல், அதில் சேர்ந்துகொண்டது. மற்றொன்று 1968-இல் வியன்னாவில். தாய்லாந்து முதலாவதில் முன்பே இருந்தது, 2020-இல் இரண்டாவதையும் உறுதி செய்தது. இந்த ஒப்பந்தங்களின் சாரம் இதுதான்: ஒரு வண்டி எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டின் விதிக்கும், ஒப்பந்தத்தில் சொன்ன பொது விதிக்கும் பொருந்தி இருந்தால், மற்ற நாடு அதை உள்ளே விட வேண்டும். ஆனால் உள்ளே வந்த பிறகு எப்படி ஓட்டுவது, எந்த விளக்கை எப்போது போடுவது, எப்போது தாழ்த்துவது என்பதெல்லாம் அந்த நாட்டுச் சட்டப்படிதான்.

ஆகவே தம்பியின் கேள்விக்குப் பதில் சடாவில் இல்லை, பாலிக் புலாவிலேயே இருக்கிறது. இங்கே செல்லாத விளக்கு அங்கே போய்ச் செல்லுபடியாகாது. "தாய்லாந்து லாரிகளைப் பாருங்க மாமா, தேர் மாதிரி ஜொலிக்குது" என்றான். ஜொலிக்கட்டும். அது அவர்கள் நாட்டில் பதிவான வண்டி, அவர்கள் நாட்டு அதிகாரியின் பாடு. மலேசிய எண் பலகையோடு போகிற நமக்கு அது சாக்காகாது. தெற்கே சிங்கப்பூரோ, வண்டியில் செய்யும் மாற்றங்கள் விஷயத்தில் கண்டிப்பான நாடு. உட்லண்ட்ஸிலும் துவாஸிலும் போய் வாதம் பண்ணிக் கொண்டிருந்தால் சரக்கு அழுகும்.

அந்த ஒப்பந்தங்களில் விளக்கைப் பற்றி என்ன இருக்கிறது தெரியுமா? ஜெனீவா ஒப்பந்தப்படி, பெரிய வெளிச்சம் இரவில் 100 மீட்டர் தூரம் காட்ட வேண்டும், தாழ்த்திய வெளிச்சம் 30 மீட்டர். வியன்னாவில் தாழ்த்திய வெளிச்சம் 40 மீட்டர். முன்னால் சிவப்பு விளக்கு கூடாது. பின்னால் வெள்ளை விளக்கு, வண்டி பின்னோக்கி வரும்போது எரிவதைத் தவிர, கூடாது. தோட்டத்தில் இரவில் செம்பனைக் குலை ஏற்றுவதற்காகப் பின்பக்கம் வெள்ளை விளக்கு மாட்டி, அதை அணைக்காமலே பெரிய சாலைக்கு வந்துவிடுகிறார்களே, அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் எதிரே வண்டி வருகிறது என்று நினைத்து ஒதுங்கினால் எங்கே போய் விழுவார்? நீல, சிவப்பு மின்னல் விளக்குகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவை போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிகளுக்கே உரியவை.

இன்னொரு முக்கியமான செய்தி. விளக்கு வாங்கும்போது கண்ணாடியைக் கூர்ந்து பாருங்கள். ஒரு வட்டத்துக்குள் ஆங்கில 'இ' எழுத்தும் ஓர் எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். எந்த நாடு அந்த விளக்கைச் சோதித்து அங்கீகரித்தது என்பதை அந்த எண் சொல்லும். 1 என்றால் ஜெர்மனி, 43 ஜப்பான், 52 நம் மலேசியா, 53 தாய்லாந்து. மலேசியாவும் தாய்லாந்தும் 2006-இல்தான் இந்த ஏற்பாட்டில் சேர்ந்தன. தூர வெளிச்சம் தரும் விளக்கானால் பக்கத்தில் 17.5, 20, 30 என்று இன்னோர் எண்ணும் இருக்கும். அது வெளிச்சத்தின் அளவு. ஒரே நேரத்தில் எரியக்கூடிய எல்லாத் தூர விளக்குகளின் எண்களையும் கூட்டினால் 100-ஐத் தாண்டக்கூடாது என்பது ஐ.நா.வின் 48-ஆம் விதி. வண்டியோடு வந்த இரண்டும் 20 வீதம் 40 ஆகிவிட்டால், மிச்சம் 60தான். கூரையில் நான்கு மாட்டுகிறவர் இந்தக் கூட்டலைப் போட்டதுண்டா? நம் தம்பியின் விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். வட்டமும் இல்லை, எண்ணும் இல்லை. பெட்டியில் மட்டும் புலிப் படம் இருந்தது.

பல்பை மட்டும் மாற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 24 வோல்ட் லாரியின் சாதாரண ஹெச்-4 ஹாலோஜன் பல்பு 75/70 வாட், 12 வோல்ட் காருக்கு 60/55 வாட். அந்தப் பல்பின் இழை எந்த இடத்தில் எரிகிறதோ, அந்த இடத்தைக் கணக்கிட்டுத்தான் பின்னாலுள்ள கண்ணாடிக் கிண்ணம் வளைத்துச் செய்யப்படுகிறது. தாழ்த்திய இழைக்குக் கீழே ஒரு சின்னத் தகடு இருக்கும். வெளிச்சம் மேலே போய் எதிரே வருபவரின் கண்ணில் படாமல் தடுப்பது அதுதான். அதைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. பல்பைச் செருகினால் ஒளி தோன்றும் இடம் மாறி, வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். ஓட்டுகிறவருக்குப் பளிச்சென்று தெரியும். அதனால் ரொம்ப தூரம் தெரிகிறது என்று நினைத்துக்கொள்வார்.

வெளிச்சம் சாயும் பக்கமும் உண்டு. மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து மூன்றிலும் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே தாழ்த்திய வெளிச்சம் இடப்பக்க ஓரத்தைக் காட்டும்படி சற்றுச் சாய்ந்திருக்கும். தாய்லாந்தைத் தாண்டி லாவோஸ் போனால் வலப்பக்கம்! அதே விளக்கு அங்கே எதிரே வருபவரின் கண்ணுக்கு நேராகப் போகும். பிரிட்டனிலிருந்து பிரான்ஸ் போகிறவர்கள் இதற்காகவே விளக்கில் ஒட்டுத்தாள் ஒட்டுகிறார்கள்.

இருட்டில் தூர வெளிச்சம் தேவைப்படுகிறவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. சுவீடன், பின்லாந்து போன்ற நாடுகளில் குளிர்கால இரவு நீளமானது. காட்டிலிருந்து பெரிய கடமான்கள் சாலையில் குதிக்கும். அங்கே லாரிக்காரர்கள் கூடுதல் விளக்கு மாட்டுவது சகஜம். ஆனால் எதிரே ஒரு வண்டி தெரிந்ததும் அத்தனையும் தூர விளக்கோடு சேர்ந்தே அணைந்துவிட வேண்டும். நம்மவர்கள் தனி சுவிட்சு வைக்கிறார்கள், பிறகு அதை மறந்து விடுகிறார்கள்.

அபராதம் யார் தலையில் என்று கேட்டானே, அதற்கு வருகிறேன். லாரி முதலாளியுடையது, விளக்கு இவனுடையது. முதலாளிக்குத் தெரியாமல் மாட்டிவிட்டு, சம்மன் வந்தபின் அவர் கட்டுவார் என்று எதிர்பார்க்க முடியாது. முதலாளியே மாட்டச் சொல்லியிருந்தால் அதை ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆய்வு நிலையத்துக்குப் போகும் அன்று கழற்றிவிட்டு, மறுநாள் மாட்டிக்கொள்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது. அது யாரையும் ஏமாற்றுவதில்லை. சரக்கு வாகனங்களின் ஆய்வுச் சான்றிதழை ஒருவருக்கொருவர் ஏற்பது என்று ஆசியான் நாடுகள் 1998-இல் உடன்பட்டிருக்கின்றன. அந்தத் தாளில் எழுதியிருக்கும் வண்டி ஒன்று, எல்லையில் நிற்கும் வண்டி வேறு என்றால், தாளையே சந்தேகிப்பார்கள்.

தம்பி அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்பானரோடு வந்தான். கூரை விளக்கு நான்கையும் கழற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. திருகு துளைத்த ஓட்டைகளில் மழை இறங்காமல் தார் பூசினோம். மூலையில் எரியாமல் கிடந்த சிவப்பு விளக்குக்குப் புதுப் பல்பு போட்டான். கழற்றிய விளக்குகளில் ஒன்றை அவன் அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார்கள், கோழிக்கூட்டுக்கு.