கண்ணுக்குத் தெரியாத பகை

மோட்டார்ச் சைக்கிள் இன்று நம் நாட்டிலே ஆடம்பரப் பொருளன்று. ஆசிரியரைப் பள்ளிக்கும் கமக்காரரைச் சந்தைக்கும் கொண்டுசெல்வது அதுவே. விடுமுறை நாளிலே அதனை முற்றத்தில் நிறுத்தி, எண்ணெய் மாற்றிச் சங்கிலி துடைத்துத் தாமே பழுது பார்ப்போர் பலர். தம் பொருளைத் தம் கையாற் பேணுதல் போற்றத்தக்கதே. ஆயின் அவ்வேலையிலே அபாயம் எங்கே உறைகின்றது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

சுடுகின்ற புகைக்குழாயையும் கூரிய கருவியையும் கண்டு அஞ்சி விலகுகின்றோம். கண்ணுக்குத் தெரியாதவற்றை அவ்வாறு அஞ்சுவதில்லை.

1990களிலே பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் யாழ்ப்பாணத்தார் மண்ணெண்ணெயிலே மோட்டார்ச் சைக்கிள் ஓட்டினர். இயந்திரத்தைத் தொடக்குவதற்கு மாத்திரம் சிறிது பெற்றோல் விட்டனர். குளிர்ந்த இயந்திரத்திலே மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. பெற்றோலோ உடனே ஆவியாகும். அன்று கைகொடுத்த அக்குணமே பழுது பார்க்கும்போது பகையாகின்றது. பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியசு அளவான குளிரிலும் பெற்றோலின் ஆவி தீப்பற்றக்கூடியது. மண்ணெண்ணெய்க்கோ ஏறக்குறைய 38 பாகைச் சூடு வேண்டும். பெற்றோல் ஆவி காற்றினும் மூன்று நான்கு மடங்கு பாரமானது. ஆதலால் அது மேலெழுந்து கலையாமல் நிலத்தோடு படரும். விறாந்தையிலே கோப்பையிற் பெற்றோல் ஊற்றிச் சங்கிலி கழுவுபவர், அடுக்களையில் எரியும் நெருப்பைத் தூரத்ததென்று எண்ணுகின்றார். ஆவி அந்நெருப்பை எட்டுமாயின், வந்த வழியே தீ திரும்பி வரும். சங்கிலி கழுவ மண்ணெண்ணெயே போதும். அதுவும் இயந்திரம் ஆறிய பின், நெருப்புக்கு எட்டத்திலே, வெளியிலே.

மழைக்கு அஞ்சி, மூடிய அறைக்குள் இயந்திரத்தை ஓடவிடுவது மற்றொரு பிழை. புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலைவலியும் மயக்கமும் வந்த பின்னரே அதன் வரவு தெரியும். அப்பொழுது எழுந்து நடக்க வலிமை இராது. மின்னேற்றப்படும் பற்றறியிலிருந்து வெளியேறும் ஐதரசனும் அத்தகையதே. ஒரு சிறு பொறி அதனை வெடிக்கச் செய்யும்.

யாவற்றினும் பெரிய பகை நம்முள்ளே இருக்கும் அவசரம். இயந்திரம் ஓடும்போதே சங்கிலியைத் துடைப்பவரின் விரலைப் பற்சக்கரம் ஒரு கணத்திலே துண்டித்துவிடும். உடுத்த சாரத்தின் தலைப்பும் அதிலே சிக்கும். 1974இல் மோட்டார்ச் சைக்கிள் பராமரிப்பைப் பொருளாகக் கொண்டு தத்துவ நூல் எழுதிய அமெரிக்கரான றொபேட் பேர்சிக், பொறுமையின்மையைப் பழுது பார்ப்போர் விழும் பொறிகளுள் ஒன்றாக வைத்து ஆராய்ந்தார். வேலைக்குக் கால எல்லை வகுக்காமையே அதற்கு அவர் கண்ட மருந்து.

ஆகவே மாலைக்குள் வேலை முடியாவிடின் மறுநாளைக்கு விட்டுவைப்போம். திங்கட்கிழமை ஒருநாள் பஸ்ஸிலே பள்ளிக்குப் போவதாற் குறைவொன்றும் வாராது.