ஒரு கைக்குட்டை போதும்! - ஒத்தெல்லோவை இயாகோ கவிழ்த்தது எப்படி?

சைப்ரஸ் தீவு. தளபதி ஒத்தெல்லோவும் அவனிடம் வேலை பார்க்கும் இயாகோவும் நடந்து வருகிறார்கள். சற்றுத் தள்ளி ஒத்தெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவிடம் பேசிக்கொண்டிருந்த காசியோ, தளபதியைப் பார்த்ததும் சங்கடத்தோடு கிளம்பிவிடுகிறான். அதைப் பார்த்து, தனக்கு இது சரியாகப் படவில்லை என்பதுபோல இயாகோ முணுமுணுக்கிறான். என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை என்கிறான்.

அந்த 'ஒன்றுமில்லை'யில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தக் காட்சி தொடங்கும்போது மனைவி மீது உயிரையே வைத்திருந்தவன், காட்சி முடிவதற்குள் அவளைக் கொல்வதென்று முடிவெடுத்துவிடுகிறான். மேடையில் இதற்கு ஆகும் நேரம் சுமார் அரை மணி!

ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' 1604-ம் ஆண்டு நவம்பர் 1-ம் தேதி, லண்டன் வைட்ஹால் அரண்மனையில் மன்னர் முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில் நடிக்கப்பட்டது. 400 வருடங்களைத் தாண்டியும் இந்த நாடகம் நம்மைப் பதறவைக்கிறது என்றால், அதற்கு முக்கியக் காரணம் இயாகோ. கத்தியைவிட வாயால் அதிகம் வெட்டுகிற வில்லன்.

பிரமோஷனில் தொடங்கிய பகை

வெனிஸ் நகரத்தின் படைத் தளபதி ஒத்தெல்லோ. கறுப்பினத்தவன், வேற்று நாட்டவன், ஆனால் போரில் அவனை விட்டால் வெனிஸுக்கு ஆள் இல்லை. பிரபான்சியோ என்ற பெரிய மனிதரின் மகள் டெஸ்டிமோனா, அப்பாவுக்குத் தெரியாமல் அவனைத் திருமணம் செய்துகொள்கிறாள். துணைத் தளபதி பதவி தனக்கே என்று காத்திருந்த இயாகோவை விட்டுவிட்டு, காசியோவுக்கு அதைக் கொடுக்கிறான் ஒத்தெல்லோ. பகை அங்கே ஆரம்பிக்கிறது.

பதவி மட்டும்தான் காரணமா? தன் மனைவி எமிலியாவுக்கும் ஒத்தெல்லோவுக்கும் தொடர்பு இருப்பதாக ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது என்கிறான் இயாகோ. அது உண்மையா என்று தெரியாது, சந்தேகமே போதும் என்றும் சொல்லிக்கொள்கிறான். பிறகு காசியோ மீதும் அதே சந்தேகம். ஆக, அடுத்தவன் மனதில் விதைக்கப்போகிற விஷம், முதலில் இவனுக்குள்ளேயே ஊறிக்கொண்டிருக்கிறது.

துருக்கியரை எதிர்க்க எல்லோரும் சைப்ரஸுக்குக் கப்பல் ஏறுகிறார்கள். புயலே துருக்கிக் கப்பல்களைச் சிதறடித்துவிடுகிறது. போர் இல்லை, கொண்டாட்டம்தான். இயாகோவுக்கு இதைவிட வசதியான நேரம் கிடைக்குமா? காசியோவுக்கு ஊற்றிக் கொடுத்து, ஆள் வைத்துச் சண்டை மூட்டி, பதவியைப் பறிகொடுக்க வைக்கிறான். பிறகு அவனே ஆறுதலும் சொல்கிறான். டெஸ்டிமோனாவிடம் போய்ச் சிபாரிசு கேள், அவள் சொன்னால் தளபதி தட்டமாட்டார் என்று அனுப்பிவைக்கிறான்.

நல்ல யோசனைதான். அதுதான் பயங்கரமே! அவள் காசியோவுக்காகப் பரிந்து பேசப் பேச, அவளுடைய இரக்கமே அவளுக்கு எதிரான சாட்சியாக மாறுகிறது.

பாதி சொல்லி, மீதியை விழுங்கி...

நேரடியாகக் கோள் மூட்டியிருந்தால் ஒத்தெல்லோ அவன் கழுத்தைப் பிடித்திருப்பான். இயாகோ அப்படிச் செய்வதில்லை. காதலித்த காலத்திலேயே காசியோவுக்கு விஷயம் தெரியுமா என்று சும்மா ஒரு கேள்வி போடுகிறான். ஏன் கேட்கிறாய் என்றால், மனசில் தோன்றியது, வேறொன்றும் இல்லை என்கிறான். ஒத்தெல்லோ எதைக் கேட்டாலும் அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறான். எதையோ மறைக்கிறான், பாவம், நம் மனது புண்படக் கூடாது என்று தயங்குகிறான் என்றே ஒத்தெல்லோ நினைக்கிறான். மறைப்பதைச் சொல்லச் சொல்லிக் கெஞ்சுவதும் அவன்தான். பொறாமை வந்துவிடப் போகிறது, ஜாக்கிரதை என்று எச்சரிப்பவன் யார்? அதே இயாகோ!

அடுத்து, ஒத்தெல்லோவின் வலிக்கிற இடத்தில் கை வைக்கிறான். வெனிஸ் பெண்களைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும், நான் அந்த ஊர்க்காரன் என்கிறான். பெற்ற அப்பாவையே ஏமாற்றி உங்களைக் கட்டிக்கொண்டவள்தானே என்று நினைவூட்டுகிறான். ஒத்தெல்லோவுக்கு ஏற்கெனவே உள்ளுக்குள் ஒரு பயம் உண்டு. தன் நிறம், வயது, நயமாகப் பேசத் தெரியாதது... இவளுக்கு நம்மை ஏன் பிடித்தது என்ற கேள்வி. இயாகோ புதிதாக எதையும் உருவாக்கவில்லை, இருந்த பயத்தைத் தடவிக் கொடுத்து எழுப்பிவிட்டான்.

இடையில் ஒத்தெல்லோ சீறி எழுந்து, கண்ணால் பார்க்கிற ஆதாரம் கொடு, இல்லையென்றால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டவும் செய்கிறான். இயாகோ என்ன கொடுத்தான் தெரியுமா? ஒரு கனவு. ஒருநாள் இரவு பல்வலியால் தூக்கம் வரவில்லையாம், பக்கத்தில் படுத்திருந்த காசியோ தூக்கத்தில் டெஸ்டிமோனா பேரைச் சொல்லிப் புலம்பினானாம். அடுத்தவன் கண்ட கனவை எந்தக் கோர்ட்டில் விசாரிப்பது?

கைக்குட்டை போன வழி

ஆதாரத்துக்கு ஒரு பொருளும் சிக்குகிறது. ஒத்தெல்லோ தன் மனைவிக்குக் கொடுத்த முதல் பரிசு, ஸ்ட்ராபெர்ரி பழங்கள் பூவேலை செய்யப்பட்ட ஒரு கைக்குட்டை. தலைவலி என்று சொன்ன கணவனுக்கு அதை நெற்றியில் கட்டப் போகிறாள் டெஸ்டிமோனா. அவன் தட்டிவிட, கீழே விழுகிறது. அதை எடுப்பது எமிலியா.

ஷேக்ஸ்பியர் செய்த பெரிய மாற்றம் இங்கேதான் இருக்கிறது. அவர் கதையை எடுத்தது சிந்தியோ என்ற இத்தாலிய எழுத்தாளர் 1565-ல் வெளியிட்ட கதைத் தொகுப்பிலிருந்து. அந்தக் கதையில், டெஸ்டிமோனா வில்லனின் 3 வயதுக் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருக்கும்போது வில்லனே கைக்குட்டையை உருவிவிடுகிறான். ஷேக்ஸ்பியர் அந்த வேலையை மனைவி கைக்கு மாற்றினார்.

எமிலியா கெட்டவள் இல்லை. டெஸ்டிமோனா மீது பாசம் உள்ளவள். ஆனால், கணவன் பலமுறை கேட்ட பொருள் ஆயிற்றே, கொடுத்தால் சந்தோஷப்படுவான் என்று கொடுத்துவிடுகிறாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. டெஸ்டிமோனா கைக்குட்டையைக் காணோமே என்று தவிக்கும்போது, தனக்குத் தெரியாது என்கிறாள். ஒத்தெல்லோ வந்து அதே கைக்குட்டையைக் கேட்டுக் கத்துகிறான். பயந்துபோன டெஸ்டிமோனா, தொலையவில்லை என்று பொய் சொல்கிறாள். எமிலியா பக்கத்திலேயே நிற்கிறாள். வாயைத் திறக்கவில்லை.

இயாகோவின் திட்டம் முழுக்க உடைந்திருக்க வேண்டிய இடம் இது. நான்தான் எடுத்தேன் என்று ஒரே ஒரு வாக்கியம் போதும். புருஷனுக்காகச் சொன்ன சின்னப் பொய், அவன் போட்ட பெரிய திட்டங்களைவிட அதிகமாகக் காரியம் செய்துவிட்டது.

இயாகோவை மட்டும் எல்லோரும் நேர்மையானவன் என்றே நம்புகிறார்கள். மனம் உடைந்த டெஸ்டிமோனா, கணவனைச் சமாதானப்படுத்த வழி கேட்டு நிற்பதும் அவனிடம்தான். பார்ப்பவர்களுக்கு எழுந்து கத்த வேண்டும் போலிருக்கும்.

வேறு ஊர், வேறு துணி

இந்தக் கைக்குட்டை இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. 1963-ல் வெளியான 'ரத்தத் திலகம்' படத்தில் சிவாஜியும் சாவித்திரியும் மேடை ஏறி ஒத்தெல்லோ காட்சி நடித்தார்கள். 1997-ல் ஜெயராஜ் இயக்கிய மலையாளப் படம் 'களியாட்டம்', ஒத்தெல்லோவைத் தெய்யம் ஆடுபவனாக மாற்றியது, கைக்குட்டை பட்டுத்துணி ஆனது. சுரேஷ் கோபிக்கு அந்தப் படம் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. 2006-ல் விஷால் பரத்வாஜின் 'ஓம்காரா'வில் அதுவே இடுப்பில் அணியும் நகை. அதில் இயாகோவாக வந்த சைஃப் அலிகான், படத்தையே தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்றால் மிகையில்லை.

கடைசிக் காட்சி. படுக்கையிலேயே மனைவியின் மூச்சை நிறுத்திவிடுகிறான் ஒத்தெல்லோ. ஆதாரம் என்று அவன் கைக்குட்டையைச் சொன்ன நொடியில் எமிலியாவுக்கு எல்லாம் புரிகிறது. வீட்டுக்குப் போ, வாயை மூடு என்று இயாகோ அதட்டுகிறான். இந்த முறை அவள் கேட்கவில்லை. கத்தி உருவிய கணவன் முன்னால் நின்று, எடுத்துக் கொடுத்தது நான்தான் என்கிறாள். அதற்காகவே அவன் கையால் சாகிறாள்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒத்தெல்லோ கேட்கிறான். நாடகத்தில் மற்ற எல்லோரையும்விட அதிகம் பேசிய இயாகோ, இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று வாயை மூடிக்கொள்கிறான். ஒத்தெல்லோ தன்னைத் தானே குத்திக்கொண்டு மனைவி பக்கத்தில் விழுகிறான். இயாகோ மட்டும் உயிரோடு இருக்கிறான், சித்ரவதைக்காக. அவனுக்கு என்ன தண்டனை, எப்போது, எங்கே என்று முடிவு செய்யும் பொறுப்பு சைப்ரஸின் புதிய ஆளுநரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அந்த ஆளுநர், காசியோ.