எலி மருந்து இதயத்தையும் தாக்கும்

எலி மருந்தைச் சாப்பிட்டவர் என்றால் வயிற்றைக் கழுவி, கல்லீரலைப் பரிசோதித்தால் போதும் என்றே பலரும் நம்புகிறார்கள். இதயத்தை முதல் மணி நேரத்திலிருந்தே கண்காணிக்காவிட்டால் அந்தச் சிகிச்சை பாதிச் சிகிச்சைதான்.

எல்லா எலி மருந்தும் ஒன்றல்ல

தூத்துக்குடி மில்லர்புரம் வீடுகளானாலும் துறைமுகக் கிடங்குகளானாலும், எலிக்கு வைப்பது எந்த மருந்து என்பதே முதல் கேள்வி. கேக் வடிவில் வரும் புரோமடியோலோன் ரத்தம் உறைவதைத் தடுக்கும். அதற்கு வைட்டமின் கே கைகொடுக்கும். இதை வைத்துத்தான் ‘எலி மருந்துக்கு மாற்று மருந்து உண்டு’ என்று சொல்கிறார்கள். பாஸ்பைடு வகை வேறு. துத்தநாகப் பாஸ்பைடு வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பீன் வாயுவாகிறது. செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதையே அந்த வாயு முடக்குகிறது. ஒரு நொடியும் ஓயாத இதயத் தசைக்கு அது பேரிடி: ரத்த அழுத்தம் சரியும், துடிப்பு தாறுமாறாகும். பேஸ்ட் வடிவ எலி மருந்தில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸும் இதயத் தசையைப் புண்ணாக்கும். 3 சதவீத மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்டைத் தமிழக அரசு தடை செய்தது அதனாலேயே நியாயமானது. பழைய டியூப் வீட்டில் கிடந்தால் இன்றே அப்புறப்படுத்த வேண்டும்.

தின்றால்தான் ஆபத்து என்பதும் இல்லை; நெடியை மூச்சில் இழுத்தாலும் ஆபத்துதான். 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே எலி மருந்து வைத்திருந்த வீட்டில் ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள்.

‘நன்றாகத்தானே பேசுகிறார்?’

‘வாந்தி எடுத்துவிட்டார், தெளிவாக இருக்கிறார், எதற்கு அட்மிஷன்?’ என்று உறவினர்கள் கேட்பது இயல்பு. மஞ்சள் பாஸ்பரஸ் ஏமாற்றுவது இங்கேதான். முதல் நாள் உபாதை அடங்கி, ஓரிரு நாள் நலமாகத் தோன்றும். மஞ்சள் காமாலை பிறகுதான் தலைகாட்டும். இதயமோ முதல் நாளிலேயே தடுமாறக்கூடும். அன்று கல்லீரல் பரிசோதனை சரியாக இருப்பது வீட்டுக்கு அனுப்பக் காரணமாகாது. ஈசிஜியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும்.

‘பாஸ்பைடுக்கும் பாஸ்பரஸுக்கும் மாற்று மருந்தே இல்லாதபோது கண்காணித்து என்ன பயன்?’ என்றும் கேட்கலாம். மாற்று மருந்து இல்லாத இடத்தில் கண்காணிப்பே சிகிச்சை. சரியும் அழுத்தத்தையும் குறையும் பொட்டாசியத்தையும் உடனுக்குடன் சரிசெய்து பலரைக் காப்பாற்ற முடிகிறது. கல்லீரல் செயலிழந்தவர்களுக்கு வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையும் செய்துவருகிறார்கள்.

வீட்டில் செய்யக் கூடாதவை

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாலும் எண்ணெயும் வேண்டாம். கொழுப்பில் பாஸ்பரஸ் கரைந்து உடலில் விரைவாகச் சேரும். மருந்தின் உறையை எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். மனம் உடைந்து தவிக்கிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், எலி மருந்தை வீட்டில் வைக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் 14416 அல்லது 104 எண்ணில் பேச வையுங்கள்.