பட்டி பூசினால் கறள் போகாது: பழைய கார்களின் டிங்கரிங் வேலையில் கவனிக்க வேண்டியவை

1990இல் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை வந்தபோது, ஒஸ்ரின், மொரிஸ் போன்ற பழைய பிரித்தானியக் கார்கள் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்யப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சின்கள் அதையும் தாங்கின. தகரம் தாங்கவில்லை. இடம்பெயர்ந்தவர்கள் விட்டுச்சென்ற கார்களை வடக்கின் உப்புக்காற்று அரித்தது. தெஹியோவிட்ட போன்ற சப்ரகமுவ மழைப் பகுதிகளில் அதே வேலையை ஈரம் செய்கிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய கார்களின் விலை ஏறியது. அவற்றை வாங்குபவரும் திருத்துபவரும் முதலில் பார்க்க வேண்டியது பெயின்ட்டை அல்ல, அதன் அடியிலுள்ள தகரத்தை.

1948இல் அறிமுகமான மொரிஸ் மைனருக்குத் தனிச் செஸி கிடையாது. உடலே பாரத்தைச் சுமக்கிறது. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதி உக்கினால், கார் நடுவில் தொய்யும். கதவு சரியாகப் பூட்டாது. அந்த இடத்தில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் உள்ளே இருப்பது தகரமல்ல, தடிப்பாகப் பூசிய பட்டி.

சரியான வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பற்றரியின் இணைப்பைக் கழற்றி, பெற்றோல் தாங்கியையும் அகற்ற வேண்டும். உடலுக்கு அடியில் முட்டுக்கொடுத்து, கதவு இடைவெளிகளை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு பக்கத்தை மட்டும், நல்ல தகரம் வரும்வரை வெட்டி, புதுத் தகரத்தை வெல்டிங் செய்ய வேண்டும். இரு பக்கத்தையும் ஒன்றாக வெட்டினால் உடல் கோணிவிடும். பட்டி கடைசியில், மெல்லிய பூச்சாக மட்டும்.

பாகங்கள் கிடைக்காது என்று கைவிடத் தேவையில்லை. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொரிஸ் மைனர் நிலையத்துக்கான தகரப் பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டன. கையால் தகரம் வளைக்கும் திறமை இங்கு புதிதல்ல.

ஷெல் துண்டு துளைத்த கார்களில், துளையின் விளிம்பு உள்நோக்கி மடிந்து, தகரம் இழுபட்டிருக்கும். பின்னால் இரும்புக்கட்டையை அணைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி நிமிர்த்திய பிறகே வெல்டிங் செய்யலாம். கதவுக்குள் சிக்கிய துண்டுகளையும் எடுத்துவிட வேண்டும். அவை கிடக்கும் இடத்தில் ஈரம் தங்கும்.

அந்தத் துளையை அடைப்பதா, நினைவாக விடுவதா என்பது வீட்டுக்காரரின் முடிவு. விடுவதென்றாலும் விளிம்பைச் சுரண்டி, கறள் தடுக்கும் பிரைமர் பூசுங்கள். இல்லாவிட்டால் சில மழைக்காலத்தில் துளையைச் சுற்றியுள்ள தகரமும் போய்விடும்.