வேலி மூலையைத் திறந்து வைப்போம்

முகாமிலிருந்து திரும்பும் விவசாயக் குடும்பம் முதலில் செய்யும் வேலை எது? வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னரே வளவுக்கு வேலி அடைப்பதுதான். இதில் வியப்பில்லை. 2006 இல் சம்பூரை விட்டு வெளியேறிய எமது மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 2015 இல் 818 ஏக்கரும், 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் விடுவிக்கப்பட்ட பின்னரே பலர் தம் மண்ணை மிதித்தனர். பற்றைக்குள் எல்லைக்கல்லைத் தேடிக் கண்டுபிடித்தவருக்கு ஓர் அடி நிலமும் பெரிது. அதனால்தான் தகரத்தையும் கிடுகையும் மூலைக்கல் வரை நெருக்கி அடைக்கிறோம்.

ஆனால், ஒழுங்கை வீதியில் ஏறும் மூலையில் ஆறடி உயரத்துக்குத் தகரம் நின்றால் என்ன நடக்கும்? பாடசாலைக்குச் சைக்கிளில் புறப்படும் பிள்ளைக்கு வீதியில் வரும் வண்டி தெரியாது. வண்டிக்காரருக்கும் பிள்ளை தெரியாது. இருவரும் ஒருவரையொருவர் காணும்போது நிறுத்துவதற்கு இடம் இராது.

வீதி மாறிவிட்டது

முன்னர் மட்டக்களப்பு - திருகோணமலை வீதியில் வாகனங்கள் துறைக்குத் துறை பாதைக்காகக் காத்து நின்றன. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பின்னர் மற்றத் துறைகளிலும் பாலங்கள் வந்தன. இன்று பேருந்தும் லொறியும் நில்லாமல் ஓடுகின்றன. பாலம் எமக்கு நன்மையே. ஆயினும் வேகமும் அதனுடன் சேர்ந்தே வந்தது.

மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 8 மீற்றருக்கு மேல் ஓடும். பிரிட்டனில் 2007 இல் வெளியான வீதி அமைப்புக் கைநூலின்படி, அந்த வேகத்தில் வருபவர் ஆபத்தைக் கண்டு பிரேக் பிடித்து நிற்க ஏறக்குறைய 20 மீற்றர் வேண்டும். 50 கிலோமீற்றர் வேகமானால் 43 மீற்றர் வேண்டும். இது நல்ல தார் வீதிக்குரிய கணக்கு. கிறவல் வீதியிலும், நெல் மூடை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டிக்கும் இன்னும் கூடுதலான தூரம் தேவை.

நாமே அளந்து பார்க்கலாம்

இதற்குப் பொறியியலாளர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீதி விளிம்பிலிருந்து 8 அடி பின்னே ஒழுங்கைக்குள் ஒருவர் இருக்கட்டும். அவரது கண் நிலத்திலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். இன்னொருவர் வீதியோரமாக 65 அடி நடந்து சென்று, இரண்டடித் தடியொன்றை நிலத்தில் ஊன்றிப் பிடிக்கட்டும். தடியின் நுனி தெரிகிறதா? தெரியாவிட்டால் மறைப்பது எதுவோ அதைப் பதிக்க வேண்டும், அல்லது பின்னே தள்ள வேண்டும். இரு பக்கமும் இப்படிப் பாருங்கள். எமது நாட்டில் வண்டிகள் இடப்பக்கமாக ஓடுவதால், வலப்பக்கத்திலிருந்து வருவதே எம்மை முதலில் எட்டும். ஆகவே அந்த மூலையில் கூடுதல் கவனம் வேண்டும்.

மூலைக்கல்லிலிருந்து வீதிப் பக்கமாக 20 அடி, ஒழுங்கைப் பக்கமாக 10 அடி அளந்து, இரு முனைகளையும் கயிற்றால் இணையுங்கள். அந்த முக்கோணம் 100 சதுர அடி. அரைப் பேர்ச்சுக்கும் குறைவு. தொடக்கத்துக்கு அவ்வளவு போதும். அதன் பின்னும் தடி தெரியாவிட்டால் வீதிப் பக்கத்தில் இன்னும் சற்று நீட்டுங்கள்.

நிலம் போய்விடுமா?

போகாது. எல்லைக்கல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். உறுதியில் எழுதிய அளவும் மாறாது. அந்த முக்கோணத்தில் கண்ணை மறைக்கும் பொருளை வைக்காமல் விடுவதே நாம் கேட்பது. அங்கே கச்சான் போடலாம், வல்லாரை நடலாம். கட்டாக்காலி மாடும் ஆடும் வருமே என்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த 30 அடிக்கு மட்டும் தகரத்துக்குப் பதிலாகக் கம்பி வேலி போடுங்கள். மாடு நுழையாது, கண் நுழையும். மதில் கட்ட வசதியுள்ளவர்கள் அந்த மூலையில் இரண்டடியுடன் நிறுத்தலாம். பூவரசு, கிளுவைக் கதிகால்களை மூலையில் ஊன்ற வேண்டாம். மழைக்குப் பின் அவை தளைத்து மறைத்துவிடும். மணற்கும்பி, விறகு, பெட்டிக்கடை என்பனவும் அங்கே வேண்டாம்.

எமக்கும் இதில் பங்குண்டு. சந்தி மூலையில் சொரூபக்கூடு எழுப்பும் வழக்கம் எம்மிடம் இருக்கிறது. புதிதாகக் கட்டும்போது சில அடி உள்ளே தள்ளிக் கட்டினால் பக்தி குறைந்துவிடாது.

யாரிடம் போவது?

புதிய குடியிருப்பாயின் ஒழுங்கைகளுக்குக் கட்டை அறையும் நாளிலேயே மூலைகளைப் பற்றிப் பேசுங்கள். வீடுகள் எழுந்த பின் பேசினால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். கிராம அபிவிருத்திச் சங்கத்தில் தீர்மானம் எடுத்துப் பிரதேச சபைக்குக் கடிதம் கொடுங்கள். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி உள்ளூர் வீதிகள் அதன் பொறுப்பில் உள்ளன. பிரதான வீதியில் ஏறும் சந்தியானால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஆண்டுக்கொரு முறை, மாரி முடிந்ததும், சிரமதானமாக மூலைகளைத் துப்புரவாக்கலாம்.

புதிய வீடு கட்டுகிறவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் அமைக்க வேண்டும், யாரும் விழுந்து இரத்தப்பழி வீட்டின்மேல் வரக்கூடாது என்று உபாகமம் 22 ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. வீடு எனது, அதில் விழக்கூடியவரோ அயலவர். அன்று சுவரை எழுப்பும்படி சொன்ன அதே கட்டளை, இன்று எமது வளவு மூலையில் வேலியைப் பதிக்கும்படி சொல்கிறது. இத்தனை இழப்புக்குப் பின் மீண்ட ஊரில், வாசலில் இன்னொரு பிள்ளையை இழக்க வேண்டாம்.